கடைசிக் காட்சியில் பதில் சொன்னவர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. அந்த மூலையில் தனியாக இருப்பவரும் இப்படித் தள்ளி வரட்டும். இன்றைக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். பயம் வருகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே இருந்து பார்த்த எனக்கே அன்றைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்பட்டது.

அப்போது நான் ஒரு ஒலி நாடகம் எழுதியிருந்தேன். கண்ணுக்கு ஒன்றும் கிடையாது, காதுக்கு மட்டும். காலத்தைத் தாண்டி நடக்கும் ஒரு போரைப் பற்றிய கதை. என் மருமகள் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த பீரங்கி வேலையெல்லாம்?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

அந்தப் போரில் இரண்டு படைகள். அவை நாட்டைப் பிடிக்கச் சண்டை போடவில்லை, நேற்றைப் பிடிக்கச் சண்டை போட்டன. எதிரியிடம் துடைப்பான் என்று ஓர் ஆயுதம் இருந்தது. அது பட்டவன் சாகமாட்டான், பிறந்தே இருக்கமாட்டான். அவன் சாப்பிட்ட தட்டு, அவன் கட்டிக்கொண்ட பெண், அவனைப் பெற்றவளின் வயிற்றுத் தழும்பு, எல்லாமே அவன் இல்லாமலே இருந்ததாக ஆகிவிடும். கடைசிக் காட்சியில் தளபதி ஒருவர்தான் மிச்சம். தன் படையில் யார் இருந்தார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். ஆனால் யாரோ இருந்தார்கள் என்று மட்டும் நெஞ்சு சொல்லிக்கொண்டிருக்கும். வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து கூப்பிடுவார்.

"பேரு ஞாபகம் இல்ல. முகம் ஞாபகம் இல்ல. யாரா இருந்தாலும் சரி. இருந்தா பதில் சொல்லு."

பிறகு மௌனம். நீண்ட மௌனம். அதோடு நாடகம் முடிந்துவிடும்.

மற்ற பகுதிகளையெல்லாம் வேறோர் ஒலிக்கூடத்தில் பதிவு செய்து முடித்திருந்தோம். இந்த ஒரு காட்சிதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அங்கே குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். காத்திருக்கலாம் என்றால் முடியாது. காரணம் தளபதி.

தளபதியாக நடித்தவரை நாங்கள் தளபதி என்றே கூப்பிட்டோம். குரலை வைத்தே வாழ்ந்த மனிதர். பேருந்து அறிவிப்பு, பல்பொடி விளம்பரம், நாடகத்தில் அப்பா, வில்லன், கடவுள், எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் பேசப்போவதில்லை. ஆகவே இந்தக் காட்சிதான் அவருடைய கடைசிக் குரல். இதைச் சரியாகப் பதிந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய தவிப்பும்.

இயக்குநர் ஒரு பெண். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். 'ஒன் மோர், ஒன் மோர்' என்று திரும்பத் திரும்ப நடிக்க வைப்பதால் அவளுக்கு ஒன்மோர் என்றே பெயர். ஒலிப்பதிவாளருக்கு சுத்தம் என்று பெயர். எந்த ஒலியிலும் ஒரு தூசி இருக்கக் கூடாது அவருக்கு. தளபதியின் மனைவியும் கூட வந்திருந்தாள். ஒன்மோர் அவளை அண்ணி என்பாள், நாங்களும் அப்படியே.

சுத்தம்தான் எங்கேயோ விசாரித்து அந்த வீட்டைப் பிடித்தார். டயர் கடைக்கும் மூடிக் கிடந்த ஒரு பல் மருத்துவமனைக்கும் நடுவில் இருந்த பழைய வீடு. யாரோ அதை ஒலிக்கூடமாக மாற்றி, நடத்த முடியாமல் விட்டிருந்தார்கள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, அதன்மேல் மெத்தைகளை ஆணி அடித்திருந்தார்கள். தரையில் கனத்த கம்பளம். வெளியே சூரியன் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே காலை வைத்ததும் இருட்டு. ஈரப் பஞ்சும் பழைய பசையும் கலந்த வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நெடுநேரம் மூடிய அறையில் ஒருவர் தூங்கி எழுந்து போனால் இருக்குமே, அந்த வாடை.

எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அந்த வீட்டின் அமைதி. செருப்புச் சத்தம் காலோடு நின்றுவிட்டது. பேசினால் வார்த்தை உதட்டை விட்டு வெளியே வந்ததும் யாரோ கையில் வாங்கிக்கொள்வதுபோல் இருந்தது.

"பிரமாதம்," என்றார் சுத்தம். "இப்படி ஒரு ரூம் கிடைக்காது."

"கிடைக்காமலே இருந்திருக்கலாம். புழுங்குது," என்றாள் அண்ணி. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டிருந்தோம். அது இரைந்தால் பதிவில் விழும்.

பதிவறை உள்ளே, நாங்கள் உட்காரும் அறை வெளியே, நடுவில் ஒரு மங்கலான கண்ணாடி. தளபதிக்கு உள்ளே ஒரு தாழ்ந்த நாற்காலி. எதிரொலி வராமல் இருக்க அவரைச் சுற்றி ஆளுயரத்துக்குப் பஞ்சுத் தடுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் அவர் தலையின் நரைகூடத் தெரியாது.

வேலை தொடங்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. அந்த அறை சும்மா இருக்கும்போது எப்படி ஒலிக்கிறது என்று பதிந்துகொள்வார்கள். எல்லோரும் உள்ளே போய்ப் பொம்மைபோல் நிற்க வேண்டும். வசனங்களுக்கு நடுவே இடைவெளியை நிரப்ப அந்த வெறும் மௌனம்தான் பிறகு உதவும். நாங்களும் நின்றோம். என் முதுகில் வியர்வை ஓடியது.

சுத்தம் திரும்பி வந்து அதைப் போட்டுக் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"யாருங்க இப்படி மூச்சு வாங்கினது?"

"நான்தான்னு சொல்லிடாதீங்க," என்றேன். "நான் இழுக்கிறது விசில் மாதிரி இருக்கும்."

"உங்க விசில் தனியா இருக்கு அக்கா. டைரக்டர் மேடம் மூக்கடைப்பு தனியா இருக்கு. சார் தொண்டை தனியா இருக்கு. இவ்வளவு நாளா உங்க எல்லார் மூச்சையும் வெட்டி வெட்டி எனக்கு மனப்பாடம். இது யாரோடதும் இல்ல."

ஒன்மோர் காதொலிப்பானைப் பிடுங்கிக் கேட்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

மெதுவாக உள்ளே போகும் மூச்சு. நிற்கும். நம்மை விட ரொம்ப நேரம் நிற்கும். பிறகு வெளியே வரும்.

"பக்கத்துக் கடையில டயருக்குக் காத்து அடிக்கிறாங்க," என்றாள் ஒன்மோர். "ஒன் மோர்."

மறுபடி பதிந்தோம். மறுபடி அதே மூச்சு. சுத்தம் டயர் கடைக்குப் போய்க் கெஞ்சிக் கேட்டு இயந்திரத்தை நிறுத்த வைத்துவிட்டு வந்தார். அப்போதும் அதே மூச்சு. சரி, போகட்டும், வசனத்தைப் பதிவோம் என்று தளபதியை உட்கார வைத்தோம்.

அவர் பேசினார். கரகரப்பும் கனமும் கலந்த அந்தக் குரலில், "யாரா இருந்தாலும் சரி. இருந்தா பதில் சொல்லு," என்று அவர் கூப்பிட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் எழுதியதுதான், ஆனாலும் சிலிர்த்தது. பிறகு மௌனம் வர வேண்டிய இடம்.

மூச்சுதான் வந்தது.

முன்பைவிடக் கிட்டத்தில்.

"ஒன் மோர்," என்றாள் ஒன்மோர்.

இரண்டாவது முறையும் வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. ஒவ்வொரு முறையும் தளபதி கூப்பிடுவார், மௌனம் தொடங்கும், அது ஒரு படி நெருங்கி வந்து மூச்சு விடும். அவருடைய தொண்டை கிழிந்துகொண்டிருந்தது. தண்ணீரை விழுங்கவே கண்ணை இறுக மூடினார். ஒயரை மாற்றினார்கள், மைக்கை மாற்றினார்கள். ஒன்மோருக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது.

"என்னங்க இது! உலகத்துல இருக்கிற எல்லாச் சத்தமும் இன்னிக்கே, இங்கயே வரணுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், சும்மா இருக்க முடியாதா இந்த வீட்டுக்கு?"

"வீட்டை ஏன் திட்டறே?" என்றாள் அண்ணி. "இவரைப் பாரு. வீட்டுல ஒரு வார்த்தை பேசறதுக்கு நான் காலைப் பிடிக்கணும். இங்க எத்தனை தடவைதான் பேசுவாரு?"

"அண்ணி, நான் வேணும்னேவா செய்யறேன்?"

"வேணும்னு செய்யறதாச் சொல்லலை. போதும்னு சொல்லத் தெரியலைன்னு சொல்றேன்."

ஒன்மோர் நாற்காலியை உதைத்தாள். கம்பளத்தில் அந்த உதையும் சத்தமில்லாமல் போனது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சுத்தம்தான் வழி சொன்னார். "விடுங்க. நான் துடைச்சிடறேன்." அவரிடம் ஒரு மென்பொருள் இருந்தது. அதற்கு வேண்டாத சத்தத்தை மட்டும் தனியாகக் கொஞ்சம் கேட்கக் கொடுக்க வேண்டும். 'இதுதான் குப்பை' என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு முழுப் பதிவிலிருந்தும் அந்தக் குப்பையை மட்டும் பொறுக்கி எடுத்துவிடும். "அந்த மூச்சு மட்டும் தனியா வேணும். எல்லாரும் வெளிய வாங்க."

நாங்கள் வெளியே வந்தோம். அண்ணி முகம் கழுவப் போயிருந்தாள். ஒன்மோர் கதவைச் சாத்திவிட்டு, "சீக்கிரம், சீக்கிரம்," என்று சுத்தத்தின் தோளை இடித்தாள். அவர் பொத்தானை அமுக்கினார். பதிந்தார். இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார். துடைக்கச் சொன்னார்.

பஞ்சுத் தடுப்புக்குள், தாழ்ந்த நாற்காலியில், களைத்துப்போய்க் கண்ணயர்ந்திருந்த தளபதியை யாரும் பார்க்கவில்லை. அவர் வெளியே வந்துவிட்டார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

அவர் மூச்சும் அந்த மூச்சும் பின்னிக்கொண்டு பதிவாகியிருந்தன. இரண்டையும் ஒன்றாகத்தான் குப்பை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அது எங்களுக்குத் தெரியாது. சுத்தம் காட்சியைப் போட்டார்.

மௌனம் அருமையாக இருந்தது. கிணற்றுக்குள் கிணறு தோண்டியதுபோல் ஆழமான மௌனம். ஒன்மோரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு. "இதைத்தான் கேட்டேன். சரி, வசனத்திலேர்ந்து போடுங்க."

"வசனத்திலேர்ந்துதான் ஓடுது," என்றார் சுத்தம்.

நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். வயர்லெஸ்ஸின் இரைச்சல் வந்தது. நாற்காலி கிரீச்சிட்டது. காகிதம் புரண்டது.

தளபதி பேசவே இல்லை.

சுத்தம் துடைத்ததை ரத்து செய்தார். மறுபடி போட்டார். இல்லை. தொடாமல் வைத்திருந்த மூலப் பதிவைத் திறந்தார். அதிலும் இல்லை. திரையில் அவர் குரல் மேடு பள்ளமாக ஓட வேண்டிய இடத்தில் ஒரு நேர்க்கோடு ஓடியது.

"அது எப்படிங்க? மூலத்தை நீங்க தொடவே இல்லையே!" என்றாள் ஒன்மோர்.

"தொடலை. சத்தியமா தொடலை."

"முன்னாடி எடுத்த பகுதிகளைப் போடுங்க."

அவை வேறு கூடத்தில், வேறு மாதத்தில் எடுத்தவை. துடைக்கும் மென்பொருளுக்குள் அவற்றை யாரும் விடவில்லை. சுத்தம் ஒன்றைத் திறந்தார். போர்க்களக் காட்சி. ஓர் இளம் வீரன் பேசுகிறான். "சரிங்க ஐயா." கொஞ்சம் இடைவெளி. "மாட்டேங்க ஐயா. உங்களை விட்டுட்டுப் போகமாட்டேன்." மறுபடி இடைவெளி. பையன் அழுகிறான்.

எதிரே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

அப்போதுதான் அண்ணி உள்ளே வந்தாள். என்ன நடந்தது என்று ஒன்மோர் திக்கித் திணறிச் சொன்னாள். அண்ணி கைப்பையிலிருந்து தன் அலைபேசியை எடுத்தாள். அவர் அனுப்பிய குரல் செய்தி ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒலிநாடாவில் பேசி அனுப்பியவற்றைக்கூட மகளிடம் சொல்லி அலைபேசிக்கு மாற்றி வைத்திருந்தாள். அறுவைக்குப் பிறகு தனக்கு மிஞ்சப்போவது அவைதான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு செய்தியைப் போட்டாள். சந்தை இரைச்சல் கேட்டது. குரல் இல்லை.

இன்னொன்று. பேருந்து ஓடும் சத்தம். குரல் இல்லை.

இன்னொன்று. மழை.

அவள் விரல் திரையில் வேகவேகமாக ஓடியது. எல்லாவற்றிலும் உலகம் இருந்தது. அவர் மட்டும் இல்லை.

"அவர் எங்கே?" என்று நான்தான் கேட்டேன்.

பதிவறைக் கதவைத் திறந்தோம். தடுப்பை விலக்கினோம். தாழ்ந்த நாற்காலியில் தளபதி விழித்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றோம்.

ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணுகளா, பயம் என்றால் இதுதான் என்று நான் நினைத்தேன். இல்லை. அடுத்து வந்ததுதான் பயம். அவர் குரல் எப்படி இருக்கும் என்று நினைவில் தேடினேன். கனமா, மெலிதா? சற்று முன் கேட்டு உடம்பு சிலிர்த்தது ஞாபகம் இருக்கிறது. எதைக் கேட்டுச் சிலிர்த்தது என்பது ஞாபகம் இல்லை. காய்ச்சலில் நாக்குக்கு ருசி செத்துப்போவதுபோல் காதுக்குள் ஓர் இடம் செத்துப்போயிருந்தது.

ஒன்மோர் முணுமுணுத்தாள். "இந்த வேஷத்துக்கு... நாம யாரைப் போட்டிருந்தோம்?"

அண்ணி புருவத்தைச் சுருக்கி நாற்காலியைப் பார்த்தாள். அந்நிய வீட்டில் அந்நிய மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நான் எதுக்கு இங்க வந்தேன்?"

தளபதி எழுந்து அவள் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவள் வளையல் உடைந்து சதையில் ஏறியது. அவள் 'ஆ' என்றாள். வலி அவளைத் திரும்பக் கொண்டுவந்தது. அவர் முகத்தையே பார்த்தபடி, பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"இவர் என் வீட்டுக்காரர். இவர் என் வீட்டுக்காரர். காலையில சட்டை பொத்தானை மாத்திப் போட்டாரு, நான் திட்டினேன். இவர் என் வீட்டுக்காரர்." சொல்லிக்கொண்டே சுத்தத்தைப் பார்த்துச் சீறினாள். "எடுத்ததைத் திருப்பிப் போடுய்யா!"

சுத்தம் வெளியே இயந்திரத்திடம் ஓடினார், நாங்களும் பின்னாலேயே போனோம். "எடுத்தது இருக்கும்மா. எடுத்ததை மட்டும் கேக்கறதுக்கு அதுல ஒரு வசதி இருக்கு. துடைச்சதும் அதைக் கேட்டுப் பார்க்கணும், குப்பையோட நல்லதும் போயிருக்கான்னு. இன்னிக்கு அவசரத்துல பார்க்கலை."

"அவசரம் யாரால?" என்று ஒன்மோர் கத்தினாள். கத்திவிட்டு, தன்னாலேதான் என்று தெரிந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

சுத்தம் அந்தக் குப்பையைப் போட்டார்.

முதலில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து குரல்கள். ஒரே மனிதரின் குரல்கள். இருபது வயதுக் குரல், நாற்பது வயதுக் குரல், நேற்றைய குரல், ஒன்றின்மேல் ஒன்றாக. "பஸ் கிடைக்கலை, நடந்து வர்றேன்." "படை முன்னேறட்டும்!" "சாப்பிட்டியா?" "அடுத்த நிறுத்தம்..." "பொண்ணு பொறந்திருக்கா, உன் மூக்கு." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டியா?"

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேற எதுவும் பேசத் தெரியாதா இந்த மனுஷனுக்கு," என்று சொல்லி அழுதாள்.

அந்தக் குரல்களுக்குப் பின்னால், எல்லாக் காலத்துக்கும் பின்னால், அந்த மூச்சும் இருந்தது. உள்ளே போகும், நிற்கும், வெளியே வரும். அது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியாகத் தளபதியின் இன்றைய குரல், கிழிந்த குரல், கூப்பிட்டது.

"யாரா இருந்தாலும் சரி. இருந்தா பதில் சொல்லு."

மூச்சு நின்றது.

"இருக்கேன்."

ஆணா பெண்ணா தெரியவில்லை. வயதும் தெரியவில்லை. அழைக்கப்பட்டவர் கூப்பிட்டவருக்குச் சொல்லும் சாதாரணப் பதில். இவ்வளவு நேரமும் அது சொல்ல வந்தது இதைத்தான் என்று எனக்குப் பட்டது. ஒவ்வொரு முறையும் வாய் திறக்கப் போகும் நேரத்தில் நாங்கள் 'ஒன் மோர்' என்று வெட்டியிருக்கிறோம். கடைசியில் அதையே துடைக்கவும் பார்த்தோம். அது போகும்போது கையில் அகப்பட்டவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது.

சுத்தம் திரும்பாமலே சொன்னார். "துடைச்சு மிஞ்சினதையும் இந்தக் குப்பையையும் ஒண்ணாச் சேர்த்தா பழையபடி வரும். ஆனா இதுவும் கூட வரும். இதை மட்டும் பிரிச்செடுக்க என்னால ஆகாது. எங்க பிடிச்சாலும் அவர் குரலைச் சேர்த்துத்தான் பிடிக்குது."

ஒன்மோர் என்னைப் பார்த்தாள். கடைசிக் காட்சியில் மௌனம் வேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்திருந்தோம். யாரும் பதில் சொல்லாததுதான் அந்த நாடகத்தின் முடிவே. ஒரு நொடி, அந்தப் பாவிப் பெண் அப்போதும் யோசித்தாள். எனக்குக் கோபம் வந்தது. நானும் அந்த நொடியில் அதையேதான் யோசித்தேன் என்பதால் இன்னும் கோபம் வந்தது.

அண்ணி தரையிலிருந்தே சொன்னாள். "வரட்டும். இவரோட வர்றதுன்னா வரட்டும்."

"சேர்த்துடுங்க," என்றாள் ஒன்மோர்.

சுத்தம் சேர்த்தார். திரையில் நேர்க்கோடு ஒருமுறை துடித்தது. பிறகு மேடும் பள்ளமுமாக எழுந்தது.

"...தண்ணி குடுங்க," என்று பின்னாலிருந்து யாரோ கரகரத்தார்கள். நாங்கள் திரும்பினோம். தளபதிதான். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

அண்ணி எழுந்து போய் அவர் வாயில் தண்ணீரைப் புகட்டினாள். பாதி சட்டையில் கொட்டியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. உடனே கையை எடுத்துவிட்டேன்.

அதோடு முடித்துக்கொண்டோம். ஒன்மோர் மறுபடி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஒயர்களைச் சுருட்டக்கூட யாரும் நிற்கவில்லை. வெளியே டயர் கடையின் இரைச்சலும் வெயிலும் எங்கள்மேல் வந்து விழுந்தபோது நான் அந்த இரைச்சலைக் கும்பிட்டேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மனிதர் பிழைத்தார். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. பேச்சு போய்விட்டது. நாடகம் ஒலிபரப்பானது. ஒன்மோர் கடைசிக் காட்சியைச் சேர்த்தது சேர்த்தபடியே விட்டிருந்தாள். கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். முடிவில் பதில் சொன்ன அந்த நடிகர் யார், அவர் பெயரை ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். ஒன்மோர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து அண்ணி என்னைக் கூப்பிட்டாள். நல்லாத்தான் இருக்கிறார், ஜாடையிலேயே சண்டை போடுகிறார் என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அவரோட செய்தியெல்லாம் திரும்ப வந்துடுச்சு. தினம் கேக்கறேன். ஒண்ணு போட்டுக் காட்டவா?"

"காட்டும்மா."

"இது நாங்க கல்யாணம் பண்ணி முதல் வருஷம். எங்களுக்கு அப்ப கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு சின்ன டேப் இருந்துச்சு. அவர் வேலையிலேர்ந்து சீக்கிரமா வந்திருக்கார். வாசல்ல நின்னு விளையாட்டா அதுல பேசிப் பதிஞ்சிருக்கார். கேளுங்க."

போனில் கொரகொரப்பு. கதவைத் தட்டும் சத்தம். பிறகு அவர் குரல், இளமையாக, சிரிப்போடு. "வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?"

ஒரு மூச்சு உள்ளே போனது. நின்றது.

"இருக்கேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இத்தனை வருஷமா அந்த டேப்பை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன் அக்கா. அதுல இப்படி ஒரு பதில் இருந்ததே இல்ல. அன்னிக்கு நான் எங்கம்மா வீட்டுல இருந்தேன். வீடு வெளியில பூட்டிக் கெடந்துச்சு." அவள் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. "இவர்கிட்ட ஜாடையில கேட்டேன், அன்னிக்கு உள்ள யாராச்சும் இருந்தாங்களான்னு. இவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கற மாதிரிப் பார்க்கறார். ஆமா, எப்பவும் இருக்கிறவங்கதானேங்கிற மாதிரி தலையாட்டறார்."

அவ்வளவுதான், கண்ணுகளா.

இனி எழுந்து போய்ப் படுங்கள். உங்கள் வீடு இரைச்சலாக இருக்கட்டும். பாத்திரம் உருளட்டும், பிள்ளைகள் கத்தட்டும், பெரியவர்கள் இருமட்டும், கதவு படார் படார் என்று அடித்துக்கொள்ளட்டும். வெளியிலிருந்து களைத்து வருகிறவர் வாசலில் நின்று "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல உங்கள் மனுஷர்களே எப்போதும் உள்ளே இருக்கட்டும்.